நேராக அடித்த நம்பர்

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே தினமும் போய்வருகிறவனுக்கு மலையேறும் வண்டி எதற்கு என்று என் மகனிடம் கேட்டேன். மழைநீர்க் கால்வாய்க்கு ஒரு தரம், குடிநீர்க் குழாய்க்கு ஒரு தரம், கேபிளுக்கு ஒரு தரம் என்று வருஷம் முழுக்கத் தோண்டிப் போட்டிருக்கிற ரோட்டில் மொபெட்கூட மலையேறத்தான் செய்கிறது என்றேன். அவன் சிரித்துவிட்டு, "அதுக்குத்தான்பா வாங்கறேன்" என்றான்.

போனில் படம் காட்டினான். உயரமான வண்டி, முரட்டு டயர். நான்கு சக்கரமும் இழுக்குமாம், முழங்கால் தண்ணீரில் நிற்காமல் போகுமாம். ஷோரூமில் புக் பண்ணிவிட்டான், கைக்கு வர ஏழெட்டு மாதம் ஆகும், வந்ததும் சனி ஞாயிறில் ஆபீஸ் நண்பர்களோடு ஏலகிரி, ஜவ்வாது மலை என்று கிளம்பிவிடுவான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், "அந்தப் பழசை எடைக்குப் போட்டுரலாம்பா, இதை நிறுத்த எடம் வேணும்" என்றான்.

அந்தப் பழசு என்று அவன் சொன்னது என் ஜீப்பை. கோவில்பதாகையில் எங்கள் வீட்டு காம்பவுண்டுக்குள் தார்ப்பாய் போர்த்தி எட்டு வருஷமாக நின்றுகொண்டிருந்தது. ராணுவத்தில் கழித்துவிட்ட வண்டிகளை ஏலம் விடுவார்கள். அப்படி ஓர் ஏலத்தில் அதை எடுத்தேன். இவன் அப்போது கைக்குழந்தை. ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எல்லோரும் சைக்கிளிலும் மொபெட்டிலும் போன காலத்தில் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒருத்தன் ஜீப்பில் போனான் என்றால் எத்தனை பேர் வயிறு எரிந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான், மறைக்கவில்லை.

ஆவடியில் ராணுவ டாங்கி செய்கிற ஃபேக்டரியில், ரிட்டயர் ஆகும்வரை எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. மற்றவர்கள் செய்து முடித்த பாகங்களை அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று சொல்ல வேண்டும். சரியில்லை என்று சொல்வதற்கே உனக்குச் சம்பளம் என்று கேலி செய்வார்கள். வீட்டிலும் அப்படித்தான் இருந்தேன் என்பது என் மனைவியின் கட்சி.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபேக்டரிக்காரன் வீடு என்றால் தாழ்ப்பாளிலிருந்து ஜன்னல் கம்பி வரைக்கும் உள்ளேயிருந்து வந்ததுதான் என்று ஊரில் ஒரு கேலிப் பேச்சு உண்டு. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொந்தக்காரர்களே இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அது ஆகவே ஆகாது. சாயங்காலம் கேட்டில் காவலர் கேட்பதற்கு முன்பே சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டிவிட்டு வெளியே வருகிறவன் நான். முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு வாஷர்கூட என்னோடு வெளியே வந்ததில்லை.

எடைக்குப் போடலாம் என்று அவன் சொன்னதும் கத்தினேன். அவனும் கத்தினான். "ஆளுக்கொரு இரும்பைக் கட்டிக்கிட்டு ஏன் என் உசிரை வாங்குதீக" என்று என் மனைவி அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள். ஒரு மணி நேரம் கழித்து அவனே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "சரிப்பா. அந்த வண்டி டெலிவரி வர்றதுக்குள்ள நீ இதை ரெடி பண்ணி எஃப்.சி. வாங்கிக் காட்டு. வாங்கிட்டேன்னா புக்கிங்கை கேன்சல் பண்ணிடறேன். இதுலயே ஏலகிரி போலாம். நீயும் வா."

எஃப்.சி. என்பது பழைய வண்டி இன்னும் ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் பார்த்துக் கொடுக்கிற சான்று. அது இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட வண்டியும் வெறும் இரும்புதான். ஆனால் என் காதில் எஃப்.சி. விழவில்லை. நீயும் வா என்றது மட்டும்தான் விழுந்தது. மூன்று ஷிப்டு, ஓவர்டைம் என்று நான் ஓடிய காலத்தில் அவன் வளர்ந்து முடித்துவிட்டான். ஸ்கூலில் ஒரு நாள்கூட அவனுடைய விளையாட்டு விழாவுக்குப் போனதில்லை. முப்பது வயதுக்கு மேல் ஒரு பிள்ளை அப்பனைக் கூட வா என்று கூப்பிடுகிறான் என்றால் அதற்காக இரும்பை என்ன, மலையையே செதுக்கலாம். எனக்கு ஜீப் முக்கியமில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதை வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வேலையை ஆரம்பித்தேன். இன்ஜினை இறக்கினோம், மேல் பாடியைக் கழற்றினோம், கடைசியில் வண்டியின் அடிச்சட்டம் மட்டும் நான்கு கட்டைகள்மேல் நின்றது. தகர வேலைக்கு வெள்ளானூரில் கடை வைத்திருக்கிற டிங்கர் ஒருத்தர் வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், நல்ல கைக்காரர், வாய் மட்டும் ஓயாது. முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமை என் மகன் காபியைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான். மூன்றாவது ஞாயிறு பழைய டிராயரைப் போட்டுக்கொண்டு வந்து, "உப்புத்தாள் எங்கப்பா" என்று கேட்டான்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் என்று சொன்னால் என் மனைவி கோபித்துக்கொள்வாள், பரவாயில்லை. அவன் ஒரு பக்கம் தேய்ப்பான், நான் ஒரு பக்கம் தேய்ப்பேன். பேச்சு பெரிதாக இருக்காது. அவன் தேய்த்த இடத்தை நான் விரலால் தடவிப் பார்ப்பேன். "ரிஜெக்ட்டா?" என்று கேட்பான். "ரிஜெக்ட்" என்பேன். சிரித்துக்கொண்டே மறுபடி தேய்ப்பான். மத்தியானம் துருத் தூசியோடு இரண்டு பேரும் குளியலறைக்கு அடித்துக்கொள்வோம். ஷோரூமிலிருந்து போன் வந்தால், கொஞ்சம் டைம் கொடுங்க என்று அவன் பதில் சொல்வது எனக்குக் கேட்கும்.

அடிச்சட்டத்தில் முன்பக்கம் வலது ஓரத்தில் சேசிஸ் நம்பர் பொறித்திருக்கும். வண்டிக்கு வண்டி மாறுகிற எண் அது. ஆர்.சி. புத்தகத்திலும் அதே எண்தான். எங்கள் வண்டியில் அந்த இடத்தில் துரு குழிகுழியாக அரித்திருந்தது. எண்கள் மங்கிவிட்டன, ஆனால் வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தால் படிக்க முடியும். தயாரித்தவர்கள் அடித்ததும் கோணல்மாணல்தான். நடுவில் ஓர் எட்டு மட்டும் வரிசையை விட்டுக் கீழே இறங்கி நின்றது. முப்பது வருஷமாக அந்த எட்டு என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது.

கிரைண்டரை எடுத்துக்கொண்டு நான் அந்தப் பக்கம் போனதும் டிங்கர் கையைப் பிடித்தார்.

"அண்ணாத்தே, நம்பரு கீற எடத்த மட்டும் வுட்டுடு. டேப்பு ஒட்டிகினு பெயிண்ட் அடிச்சிரலாம்."

"துரு இருக்குய்யா. துரு மேல பெயிண்ட் அடிச்சா ஆறு மாசத்துல உப்பிக்கிட்டு வரும்."

"வந்தா இன்னா? படிக்க வருதா இல்லியா? அது ஊட்டுப் பத்திரம் மாரி அண்ணாத்தே. அழிச்சிட்டு புச்சா எழுதுனா செல்லுமா?"

"நீ தகரம் தட்டுற ஆளு. இது என் வேலை. இதுல மூக்கை நுழைக்காதே" என்றேன்.

அவர் கையை எடுத்துவிட்டார். "உன் வண்டி, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு பீடி பற்றவைக்கத் தெருவுக்குப் போனார்.

அவரை நான் மட்டம் தட்டியதற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. எங்கள் ஃபேக்டரியில் பாகத்துக்குப் பாகம் எண் உண்டு. பழுதுபார்க்க வந்த பாகத்தில் எண் மங்கியிருந்தால் அது என் மேஜைக்கு வரும். ரிஜிஸ்டரில் எண்ணைக் குறித்துக்கொள்வோம், இடத்தைச் சுத்தமாக அரைத்து வெள்ளை இரும்பாக்குவோம், அதே எண்ணைப் புதிதாகப் பொறிப்போம். எண் மங்கலாக இருந்தால்தான் குற்றம். தெளிவாக, நேராகப் பொறித்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். இப்படி எத்தனை ஆயிரம் பாகங்களுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. உள்ளே செய்தால் ஒழுங்கு என்றிருக்கிற காரியம் கேட்டைத் தாண்டினால் குற்றமாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அறுபது வயதுக்கு மேல் ஆகியும் ஊர் முழுவதும் எங்கள் ஃபேக்டரி ஷாப் ஃப்ளோர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்ணை நோட்டில் எழுதினேன். ஆர்.சி. புத்தகத்தோடு இரண்டு தரம் ஒப்பிட்டேன். பிறகு துருக்குழி எதுவும் மிஞ்சாமல் ஆழமாக அரைத்தேன். ஸ்டீல் ஸ்கேலை கிளாம்ப் போட்டு இறுக்கி, எண் பொறிக்கிற இரும்பு அச்சுகளை ஒவ்வொன்றாக வைத்து, ஓர் எண்ணுக்கு ஒரே அடியாக அடித்தேன். எட்டு வரிசையில் வந்து நின்றது. மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்து, "பிரின்ட் எடுத்த மாதிரி இருக்குப்பா" என்றான். அந்தப் பாராட்டை இரண்டு நாள் மனசுக்குள் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தேன்.

வண்டி முடிந்தது. பச்சை நிறம் அடித்து, புது ஹூட் போட்டு, டயர் மாற்றி, முதல் தடவை குத்தம்பாக்கம் வரை ஓட்டிக்கொண்டு போனோம். புது பஸ் நிலையத்தைத் தாண்டி அவன் ஓட்டினான். கியர் மாற்றும்போது வண்டி முனகினாலும் இழுத்துக்கொண்டு போனது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவனே சொன்னான், எஃப்.சி. கைக்கு வந்த மறுநாள் ஷோரூமில் போய்ப் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று.

ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு இரண்டு பேரும் போனோம். நான் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தேன். அவன் ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தான். வண்டி பார்க்க வந்த இன்ஸ்பெக்டருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். விளக்கு, பிரேக், ஹாரன் எல்லாம் பார்த்தார். நல்லா வச்சிருக்கீங்க சார் என்று சொன்னார். அப்புறம் சேசிஸ் நம்பர் எங்கே என்று கேட்டார். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். அவர் குனிந்தார், தாளை வைத்தார், தேய்க்காமல் நிறுத்தினார். கட்டைவிரலால் அந்த வரிசையைத் தடவினார்.

"ரொம்ப நேரா இருக்கே" என்றார்.

நானும் ஒரு இன்ஸ்பெக்டர். இன்னொரு இன்ஸ்பெக்டர் தடவிப் பார்த்துச் சொல்கிறார். என் மூளை அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டது.

"நானேதான் சார் அடிச்சேன்" என்றேன். பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு என்னை சார் என்று கூப்பிடவில்லை. "பெரியவரே, கம்பெனி நம்பரை அழிச்சிட்டு வேற அடிக்கிறது யார் செய்ற வேலை தெரியுமா? வண்டி திருடுறவன் செய்ற வேலை" என்றார். வேறு நம்பர் இல்லை, அதே நம்பர்தான் என்று நோட்டைக் காட்டினேன். "அது உங்க நோட்டு" என்றார். துரு என்றேன். துரு பிடித்திருந்தால் ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், நாங்கள் வந்து பார்த்து அனுமதி கொடுத்திருப்போம், நீங்கள் எங்கள் முன்னால் அடித்திருக்கலாம், அவ்வளவுதான் விஷயம் என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் ரிஜெக்ட் என்றுதான் எழுதியிருப்பேன். வண்டியை அங்கேயே நிறுத்திக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு கடிதம் போட்டார்.

சுற்றி நின்ற டிரைவிங் ஸ்கூல்காரர்கள் எங்களையே பார்த்தார்கள். திருட்டு வண்டியாம் என்று ஒருவன் இன்னொருவனிடம் சொன்னது எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது.

ஆட்டோவில் திரும்பினோம். பாதி தூரம் வரை அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஆட்டோக்காரருக்குக் கேட்காத குரலில், "அப்பா, நெஜமா சொல்லு. இது ஏலத்துல எடுத்த வண்டிதானா?" என்றான்.

எனக்குப் புரியவில்லை. "ஏன்?" என்றேன்.

"இல்ல... அந்தக் காலத்துல ஃபேக்டரில எல்லாரும் கொஞ்சம் அப்படி இப்படி பண்ணுவாங்கன்னு சொல்வாங்கள்ல. எதாவது இருந்தா இப்பவே சொல்லிடு. நான் பாத்துக்கறேன்."

கோபம் வந்தால் எனக்கு வாய் முதலில் போகும், புத்தி பின்னால் மெதுவாக வரும். பந்தியில் சிரிக்கிற சொந்தக்காரர்கள் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பேன். கேட்டது என்னோடு உட்கார்ந்து துரு தேய்த்தவன். "ஆமாடா. திருடினதுதான். உள்ளேயிருந்து பார்ட் பார்ட்டா டிபன் பாக்ஸ்ல வச்சுக் கொண்டுவந்து ஜீப் செஞ்சேன், போதுமா?" என்றேன்.

அவன் வெட்கப்படுவான் என்று எதிர்பார்த்தேன். என்னப்பா இப்படிப் பேசறே என்று சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால்கூடப் போதும். அவன் என் முழங்கால்மேல் கையை வைத்தான். "சரி விடு. டிபன் பாக்ஸ் கதையெல்லாம் வேணாம். அம்மாகிட்ட எதுவும் சொல்ல வேணாம்" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் பீரோவைத் திறந்து ஃபைலை எடுத்தேன். ஏலக் கடிதம், பணம் கட்டிய ரசீது, வண்டியை ஒப்படைத்த தாள், எல்லாம் வரிசையாக இருந்தன. இன்ஸ்பெக்‌ஷன்காரன் வீட்டில் காகிதம் தொலையாது. கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன். "எனக்கு எதுக்குப்பா? ஸ்டேஷன்ல காட்ட ரெடியா வச்சுக்கோ" என்று அதை அப்படியே என் பக்கம் தள்ளினான். ஃபைல் கயிற்றைக்கூட அவிழ்க்கவில்லை.

தடயவியல் பிரிவிலிருந்து ஆள் வந்து, நான் அரைத்த இடத்தில் ஏதோ திராவகம் தடவிப் பார்த்தார். மேலோட்டமாக அரைத்திருந்தால் பழைய எண் நிழல் மாதிரி தெரியுமாம். நான்தான் ஆழமாக அரைத்தவனாயிற்றே, ஒன்றும் தெரியவில்லை. காகிதங்கள் சரியாக இருந்ததால் என்மேல் வழக்கு வேண்டாம் என்று விட்டார்கள். ஆனால் இந்த அடிச்சட்டம் அந்தக் காகிதத்தில் சொல்லியிருக்கிற அடிச்சட்டம்தான் என்று யாராலும் எழுதித் தர முடியவில்லை. இனி அந்த வண்டிக்கு எஃப்.சி. கிடையாது. உடைக்கிறவனிடம் கொடுக்கலாம் என்பதற்கு மட்டும் ஸ்டேஷனில் ஒரு கடிதம் தருவார்கள். டிங்கர் ஒரு தரம் வீட்டுப் பக்கம் வந்தார். நான் சொன்னேனே என்று குத்திக்காட்டாமல் காபி குடித்துவிட்டுப் போனார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை.

இதற்குள் அவனுடைய புது வண்டி வந்துவிட்டது. மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, ஜீப் நின்ற இடத்தில் நிறுத்தினான். அந்தக் கடிதத்தை வாங்க என்னை அந்த வண்டியில்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஏறுவதற்குக் கஷ்டப்படுவேன் என்று இறங்கி வந்து கை கொடுத்தான். சீட்டைப் பின்னால் தள்ளி, ஏசியைக் குறைத்து வைத்தான். ஆட்டோவில் வந்த நாளிலிருந்து அவன் என்னிடம் ஒரு தரம்கூடக் குரல் உயர்த்தவில்லை. என் மனைவிக்கு அதில் பெரிய சந்தோஷம். பையன் எவ்வளவு பொறுப்பா மாறிட்டான் பாருங்க என்கிறாள்.

அவன் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் மட்டும் உள்ளே போனேன். அதிகாரி என் ஃபைலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் பக்காவா இருக்கு, போயிட்டு வாங்க" என்று கடிதத்தைக் கொடுத்தார். வெளியே வந்து வண்டியில் ஏறினேன்.

"எதுவும் கேக்கலியே?" என்றான்.

"இல்லை. எல்லாம் பக்காவா இருக்குன்னார்."

அவன் வண்டியை எடுத்தான். பள்ளங்கள் எதுவும் உள்ளே தெரியவில்லை, உண்மையிலேயே நல்ல வண்டி. சிக்னலில் நின்றபோது என் மடியில் இருந்த ஃபைலை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சிரித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ரிஜெக்ட்டா என்று கேட்டுச் சிரிப்பானே, அதே பிரியமான சிரிப்பு.

"பெரிய ஆளுப்பா நீ. அந்தக் காலத்துலயே பேப்பர் எல்லாம் எவ்ளோ கரெக்டா ரெடி பண்ணி வச்சிருக்கே" என்றான்.